காணாமற்போன வேர்ச்சிகிச்சை

பீற்றர் வீட்டு மணியை அடிப்பதற்கு முன் விஜயரத்தினம் தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். தான் இருக்கும் ஹரோவில் உதவிக்கு ஆளில்லாமலா அவர் ரயில் மாறி டூட்டிங் வரை வந்தார்? தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக்கூடாது. அதற்காகத்தான். பக்கத்தில் மகள் மிதுஷா தலையைக் குனிந்தபடி நின்றாள்.

"நிமிர்ந்து நில்," என்றார்.

கதவைத் திறந்தவர் பீற்றரின் மனைவி அஞ்சலீனா. பீற்றர் ஒரு காப்புறுதிக் கம்பனியில் நெடுங்காலம் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். எரிந்த கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று கண்டுபிடிப்பது அவர் தொழிலாக இருந்தது. இப்போது தமிழ்ச் சனங்கள் பொலிசுக்கும் சொல்ல முடியாத, சொந்தக்காரருக்கும் சொல்ல முடியாத சிக்கல்களை அவரிடம் கொண்டுவருவார்கள். கார் ஓட்டுவதும், எல்லோரையும் சந்தேகப்படுவதும் அஞ்சலீனாவின் பொறுப்பு.

"வெளியில ஒரு சொல்லுப் போகக்கூடாது." உட்காருவதற்கு முன்பே விஜயரத்தினம் சொன்னது இதைத்தான்.

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டுச் சொல்லுங்கோ, அண்ணை," என்றார் பீற்றர்.

விஜயரத்தினம் தேநீரைத் தொடவில்லை. மேலங்கியையும் கழற்றவில்லை. கதிரையின் நுனியில் முதுகு சாயாமல் இருந்துகொண்டு, மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

மிதுஷா லண்டனில் ஒரு பல் வைத்தியக் கல்லூரியில் இறுதி வருட மாணவி. சென்ற வருடம், கல்லூரிக் கிளினிக்கில், சற்குணம் என்ற நோயாளியின் கீழ் வலது கடைவாய்ப்பல்லுக்கு, துளையிட்டு வேரின் உட்புறத்தைச் சுத்தம் செய்து நிரப்பும் வேர்ச்சிகிச்சை செய்திருந்தாள். மாணவர்கள் செய்யும் வேர்ச்சிகிச்சைகள் எவ்வளவு தரமானவை, வருடம் ஒன்று கழிந்தும் நிலைத்து நிற்கின்றனவா என்று கல்லூரி இப்போது ஓர் ஆய்வு நடத்துகிறது. பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்து, வெளியிலிருந்து வந்த ஒரு வைத்தியர் எக்ஸ்றே எடுத்துப் பார்க்கிறார். சற்குணமும் வந்தார், படம் எடுத்தார்கள்.

"பல்லில ஒண்டுமே இல்லை, அங்கிள்," என்றாள் மிதுஷா. "ஓட்டை போட்ட அடையாளமே இல்லை. நான் செய்த வேர்ச்சிகிச்சையைக் காணேல்லை."

"வேற பல்லில செய்திருப்பியோ, பிள்ளை?" என்று அஞ்சலீனா குறுக்கிட்டார். "இடம் வலம் மாறி?"

"அவற்ற வாயில ஒரு பல்லிலயும் வேர்ச்சிகிச்சை இல்லையாம், அன்ரி. ஆனா கோப்பில நான் எடுத்த படமெல்லாம் கிடக்கு. வேர் நுனிவரை நிரப்பினது வடிவாத் தெரியுது. ஆற்றையோ படத்தைக் கொண்டுவந்து வைச்சு, செய்யாத வேலையைச் செய்ததெண்டு காட்டிப்போட்டனாம். வெள்ளிக்கிழமை விசாரணை. பிழையெண்டு முடிவானா நான் பல் வைத்தியர் ஆகேலாது."

விஜயரத்தினம் எழுந்து யன்னலடிக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். "எங்கட பரம்பரையில கள்ளம் செய்த ஆள் ஒருத்தர் இல்லை," என்றார். யாரும் மறுத்துச் சொல்லவில்லை. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

பீற்றர் ஒரு தாளையும் பேனாவையும் மிதுஷாவிடம் நகர்த்தினார். "எப்பிடிச் செய்தனீர் எண்டு எனக்கு ஒருக்கா விளங்கப்படுத்தும்."

அவள் பேனாவை இடது கையில் எடுத்து ஒரு பல்லை வரைந்தாள். விஜயரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கையை மாற்ற அவர் பட்ட பாட்டில், சோற்றுக் கோப்பையில் மட்டும்தான் வெற்றி கிடைத்தது.

"முதலில விறைக்க ஊசி. பிறகு வாய்க்கு மேல ஒரு றப்பர் விரிப்பு இழுத்துக் கட்டுவம். அதில ஒரு துளை. வேலை செய்யிற பல்லு மட்டும்தான் அதுக்குள்ளால தெரியும். கதைக்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது. சற்குணம் அங்கிளுக்கு முதல்நாள் நல்ல பயம். மூச்சு முட்டினா கையைத் தூக்குங்கோ எண்டு சொன்னன். மூண்டு தரம் வந்தவர். ஒவ்வொரு முறையும் மத்தியானம் முழுக்கப் போயிடும். நாங்கள் மாணவர்தானே, மெதுவாத்தான் செய்வம்."

"மேற்பார்வைக்கு ஆள் இல்லையோ?"

"இருக்கிறார். ஆனா ஒரு வரிசை மாணவருக்கு ஒரு ஆள். வருவார், துளைக்குள்ளால பல்லைப் பார்ப்பார், கையெழுத்து வைப்பார், போவார்."

"நோயாளி எப்பிடிப்பட்ட ஆள்?"

முதல் தடவையாக மிதுஷாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "நல்ல மனுசன், அங்கிள். மீன் குளிரறையில வேலை. கையெல்லாம் வெடிச்சுப்போய், பிளாஸ்ரர் ஒட்டியிருப்பார். 'இவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைச்சிருக்கிறதுக்கு எனக்கும் ஒரு பட்டம் தருவாங்களோ பிள்ளை' எண்டு பகிடி விடுவார்."

"ஒவ்வொருமுறையும் ஆள் சரிதானோ எண்டு பேர் கேட்டு உறுதிப்படுத்த வேணுமே?"

"ஓம். 'நீங்கள்தானே சற்குணம் அங்கிள்' எண்டு கேட்டனான். பிறந்த திகதியையும் வாசிச்சனான். ஓம் பிள்ளை எண்டவர்."

"அவரைச் சொல்லச் சொல்லிக் கேக்கேல்லையோ?"

மிதுஷா பதில் சொல்வதற்குள் விஜயரத்தினம் முந்திக்கொண்டார். "தகப்பன்ர வயசு மனுசனிட்டை உன்ர பேர் என்ன எண்டு நேர கேக்கிறதோ? அப்பிடி நான் பிள்ளை வளர்க்கேல்லை."

"விளங்குது, அண்ணை," என்றார் பீற்றர் அமைதியாக. பிறகு மிதுஷாவின் கைப்பேசியில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். சென்ற வருடத்துப் படங்கள் எல்லாவற்றிலும் கடைசியில் ஞானப்பல் இல்லை, வெறும் இடைவெளி. இந்த வருடத்துப் படத்தில் ஞானப்பல் திடமாக நின்றது.

"இந்த ஞானப்பல் இல்லாத வாய், கிளினிக்குக்கு வந்த வேற ஆற்றையும் வாயோட பொருந்துதோ?"

"தேடினவை. ஒருத்தற்றையும் பொருந்தேல்லை. வெளியில எங்கயோ எடுத்தனெண்டு சொல்லினம்."

"சற்குணத்தை நீர் கண்டு கேக்கேல்லையோ?"

"ஏலாது, அங்கிள். ஆய்வுக்கு அவர் வந்த நாள் நான் கிளினிக்கில இல்லை. பிறகு, நோயாளியோட கதைக்கக்கூடாதெண்டு தடை போட்டிட்டினம்."

பீற்றர் விசாரித்தபோது, சற்குணத்தின் மீன்கடை அப்பர் டூட்டிங் வீதியில், பீற்றர் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் இருந்தது. மறுநாள் பீற்றரும் அஞ்சலீனாவும் விஜயரத்தினமும் போனார்கள். விஜயரத்தினம் வரவேண்டாம் என்று பீற்றர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வீட்டில் இருந்தால் தலை வெடித்துவிடும் என்று அவர் கேட்கவில்லை.

கல்லாவில் இருந்த சற்குணம் கொழுத்த மனிதர். விரல்களில் மோதிரங்கள், நெற்றியில் திருநீறு. கையின் தோல் பழுத்த மாம்பழம்போல மினுங்கியது. அஞ்சலீனா அறுக்குளா மீனின் விலையில் அவரோடு மல்லுக்கட்டி முடித்த பிறகு, பீற்றர் கன்னத்தைத் தடவிக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"எனக்கொரு கடைவாய்ப்பல் கரைச்சல். படிக்கிற பிள்ளையளிட்டைப் போகலாமோ எண்டு யோசினை. நீங்களும் போனனீங்கள் எண்டு கேள்விப்பட்டன்."

சற்குணத்தின் கண் ஒரு கணம் அலைந்தது. "ஓம், ஓம். பயப்பிடாமப் போங்கோ ஐயா. எனக்கு ஒரு பிள்ளை செய்தது. தங்கமான பிள்ளை."

"நோகேல்லையோ?"

"சீச்சீ. அரை மணித்தியால வேலை. இடைக்கிடை கொப்புளிச்சுத் துப்பச் சொல்லும், அவ்வளவுதான்."

"எந்தப் பக்கம் இருந்து செய்தவ?"

"இதென்ன கேள்வி? எல்லா டொக்டரும் இருக்கிற பக்கம்தான்." சற்குணம் தன் வலது தோளைத் தட்டிக் காட்டினார்.

விஜயரத்தினத்தின் வாய் திறந்தது. அஞ்சலீனா அவருடைய சப்பாத்தின் மேல் தன் காலை அழுத்தி வைத்தார்.

கடையின் பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் மீன் பெட்டியோடு வந்தார். பேச்சு காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டார். பெட்டியைப் பிடித்திருந்த விரல்களில் பிளாஸ்ரர் சுற்றியிருந்தது.

"தம்பி, உள்ள போ," என்றார் சற்குணம். குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது.

பீற்றர் ஒன்றும் கவனிக்காதவர்போல, ஒரு முழுப் பெட்டி அறுக்குளாவை மறுநாள் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்து தரச் சொன்னார். "பெட்டி பாரம். தம்பியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

தெருவுக்கு வந்ததும் விஜயரத்தினம் வெடித்தார். "பொய்! வாயைத் திறந்தாப் பொய்! துப்பினாராம், அரை மணித்தியாலமாம்!"

"நான் சொல்லட்டோ?" என்றார் அஞ்சலீனா. "பிள்ளையோட படிக்கிற ஆரோ எரிச்சல் பிடிச்சதுகள் இந்த ஆளைத் தங்கட பக்கம் இழுத்துப்போட்டுதுகள். அந்த மேற்பார்வைக்காரனிலயும் எனக்கு ஒரு கண்."

"நேற்று ராத்திரி நீர் எக்ஸ்றே மெஷினையும் சந்தேகப்பட்டனீர்," என்றார் பீற்றர்.

"இஞ்சருங்கோ, பகிடியை விடுங்கோ."

"அந்தாள் சொன்னது பொய்தான். ஆனா பிள்ளைக்கு எதிராச் சொன்ன பொய் இல்லையே. 'பிள்ளை செய்தது, தங்கமான பிள்ளை' எண்டுதானே சொல்லுது. பிள்ளையை விழுத்த வேணுமெண்டால், 'எனக்கு ஒண்டும் செய்யேல்லை' எண்டு சொன்னாப் போதும். பிறகு ஆருக்காகப் பொய் சொல்லுது?"

வியாழன் பின்னேரம் பீற்றர் வீட்டு முன்னறையில் விஜயரத்தினத்தால் இருக்க முடியவில்லை. தெருவில் ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் எழுந்தார். கடைசியில் குசினிக்குள் போனார். மிதுஷா அங்கே மேசையில் இருந்தாள், முன்னால் திறந்த புத்தகம், வாசிக்கவில்லை.

"பிள்ளை," என்றார். "அந்த வேலையை நீ உண்மையாச் செய்தனிதானே?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "செய்தனான் அப்பா. இதைக் கேக்க உங்களுக்கு இவ்வளவு நாள் எடுத்ததோ?"

அதற்குள் வாசலில் மீன்கடை வான் வந்து நின்றது.

சற்குணம் முன்னால் வந்தார். பின்னால் தொப்பிக்காரர் பெட்டியைச் சுமந்து வந்தார். முதல்நாள் கடைக்கு வந்த விஜயரத்தினமும் முன்னறைக்கு வந்து நிற்பதைக் கண்டதும் சற்குணம் தயங்கினார். அதற்குள் பீற்றர் குசினிப் பக்கம் திரும்பி, "பிள்ளை, ஒருக்கா இஞ்ச வாரும்," என்று கூப்பிட்டார்.

மிதுஷா வந்தாள். சற்குணத்தைப் பார்த்து, அறியாத மனிதருக்குச் செய்வதுபோல ஒரு சின்னத் தலையசைப்புச் செய்தாள். அவரைக் கடந்து அவள் பார்வை பின்னால் போனது. முகம் மலர்ந்தது.

"அங்கிள்! பல்லு எப்பிடி? அந்தப் பக்கத்தாலயும் சாப்பிடுறியளோ?"

தொப்பிக்காரரின் கையிலிருந்து பெட்டி நழுவி நிலத்தில் விழுந்தது.

மிதுஷா தானே பின்வாங்கினாள். "ஐயோ, நான் கதைக்கக்கூடாது. தடை போட்டிருக்கு..."

"தடை சற்குணத்தோட கதைக்கிறதுக்கு," என்றார் பீற்றர். "சற்குணம் எண்டது அந்தா, மோதிரத்தோட நிக்கிற ஐயா. அவரை முந்தி எங்கயாவது கண்டிருக்கிறீரோ?"

"இவரை வாழ்க்கையில காணேல்லை, அங்கிள்."

அஞ்சலீனா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாரும் இருங்கோ," என்றார் பீற்றர். "கல்லூரி சொன்னது முக்கால்வாசி சரி. கோப்பில இருக்கிறது வேற ஒருத்தற்ற வாய்தான். ஆனா அந்த வாய் கிளினிக்கில வேற எந்தப் பேரிலயும் பதியேல்லை. முதல் படம் தொடக்கம் கடைசிப் படம் வரை ஒரே வாய். அப்ப அந்த வாய்க்காரன் சற்குணம் எண்ட பேரிலதான் வந்திருக்கிறான். மாறினது படமில்லை. ஆள்."

"மேற்பார்வைக்காரர் கண்டிருக்க வேணுமே?" என்று அஞ்சலீனா கேட்டார்.

"அவர் கண்டது றப்பர் துளைக்குள்ளால ஒரு பல்லு. முகத்தை ஆர் பார்த்தது? பிள்ளை பார்த்தா. ஆனா பிள்ளை கண்டது ஒரே ஆளை. இவர்தான் சற்குணம் எண்டு நம்பிப்போட்டா. ஏனெண்டால் பேரைப் பிள்ளையே சொல்லி, அவரைத் தலையாட்ட வைச்சவ. வெள்ளைக்காரப் பிள்ளை எண்டால் முதல்நாளே 'உங்கட பேரைச் சொல்லுங்கோ' எண்டு கேட்டிருக்கும். எங்கட பிள்ளையளுக்குப் பெரியாக்களிட்டை அது வாயில வராது."

விஜயரத்தினம் தன் மேலங்கியின் பொத்தானைத் திருகினார்.

"ஐயா நேற்று என்ன சொன்னவர்? கொப்புளிச்சுத் துப்பினாராம். றப்பர் விரிப்புக்குள்ள இருக்கிறவருக்குத் துப்ப ஏலாது. அதுக்குள்ள இருந்த எவரும் முதலில சொல்லுறது அந்த விரிப்பைப் பற்றித்தான். வலப்பக்கம் இருந்து செய்தவவாம். பிள்ளை இடக்கை. இடக்கைக்காரர் நோயாளியின்ர இடப்பக்கம்தான் இருப்பினம். அப்ப ஐயா அந்தக் கதிரையில இருக்கேல்லை. இருந்தவருக்கு மீன் குளிரறை வேலை, கையில பிளாஸ்ரர். ஐயா தன்ர பேரை ஆருக்குக் குடுப்பார்? கூடப் பிறந்தவருக்கு."

சற்குணம் உட்கார்ந்தார். "என்ர தம்பி, நகுலேசன்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "பல்லுக் குத்தில நித்திரை கொள்ளாமக் கிடந்தவன். ஒரு வைத்தியரிட்டையும் பதிவு இல்லை. என்ர பேரில இடம் எடுத்துக் குடுத்தன். ஆய்வுக்குக் கூப்பிட்ட அண்டைக்கு இவனுக்குக் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில தவணை. ஆய்வுக்கு ஒருத்தரும் போகாட்டில் கல்லூரிக்காரர் தேடி வருவாங்கள் எண்டு நான் போனன். சுகப்பட்ட பல்லை ஆர் கிண்டிப் பார்க்கப்போறாங்கள் எண்டு நினைச்சன்."

"என்ர பிள்ளையின்ர பேர் நாறிப்போச்சுது!" விஜயரத்தினம் எழுந்துவிட்டார். "நாளைக்குக் காலமை ரெண்டு பேரும் கல்லூரிக்கு வாறியள். வராட்டில் நான் செய்யவேண்டியதைச் செய்வன்."

"ஐயா, இவன்ர அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. பொய்ப் பேரில வைத்தியம் செய்தவன் எண்டு குரோய்டனில தெரிஞ்சா, இவன் சொல்லுற எல்லாத்தையும் பொய்யெண்டு சொல்லிப்போடுவாங்கள். திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"வழக்கு நடக்கிற ஆள் தன்ர சொந்தப் பேரிலயே வந்திருக்கலாம்," என்றார் பீற்றர். "உங்களுக்கு ஆரும் சொல்லித் தரேல்லை. இனியும், தானா முன்னுக்கு வந்து சொல்லுறதும், பிடிபட்டுச் சொல்லுறதும் ஒண்டில்லை. வழக்கறிஞரைக் கேட்டுப்போட்டு முடிவெடுங்கோ. ஆபத்தில்லை எண்டு நான் சொல்லமாட்டன்."

"அவருக்கு முடிவெடுக்க நேரமில்லை!" என்றார் விஜயரத்தினம்.

"அப்பா, அவரை வெருட்டாதேங்கோ." மிதுஷா நடுவில் வந்து நின்றாள். "அவர் என்ர நோயாளி."

விஜயரத்தினத்துக்குத் தன் வீட்டில் கேட்டுப் பழகாத குரல் அது. மிதுஷாவின் படிப்பும், அந்த மனிதனுடைய வழக்கும் ஒரே தராசில் ஆடிக்கொண்டிருந்தன. தான் ஒரு தட்டில் மட்டும் கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது அவருக்கே தெரிந்தது.

நகுலேசன் தொப்பியைக் கழற்றினார்.

"பிள்ளை, என்ர வாயில கை வைக்க நான் ஆரையும் விடுறதில்லை. அங்க, ஊரில தடுப்பு முகாமில இருக்கேக்க, ஒரு அடியில இந்தப் பக்கத்துக் கடைசிப் பல்லுப் போனது. உம்மட கதிரையில படுத்த முதல்நாள் நான் நடுங்கினது அதுக்குத்தான். நான் கையைத் தூக்கினவுடன நீர் கருவியைக் கீழ வைச்சிட்டு, நான் அதை இறக்குமட்டும் பார்த்துக்கொண்டு நிண்டனீர்." தன் கன்னத்தைத் தொட்டார். "ஒரு வருசமா இந்தப் பக்கத்தாலதான் சாப்பிடுறன். நாளைக்கு எத்தினை மணிக்கு?"

"தம்பி!" என்றார் சற்குணம்.

"நீங்கள் சும்மா இருங்கோ, அண்ணை. உங்கட பேரில இருந்தது போதும்."

அன்று மாலையே பீற்றர் தனக்குத் தெரிந்த வழக்கறிஞரோடு பேசினார். மறுநாள் அந்த வழக்கறிஞரும் நகுலேசனோடு கல்லூரிக்குள் போனார். விஜயரத்தினம் வெளியே நடைக்கூடத்தில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடந்தார். வாங்கில் சற்குணம் இருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலிருக்க மிகவும் பிரயாசைப்பட்டார்கள்.

மத்தியானம் தாண்டி மிதுஷா வெளியே வந்தாள்.

"படம் எடுத்தவை, அப்பா. கோப்பில இருக்கிற வாய் நகுலேசன் அங்கிளின்ரதான். பல்லு வேர் நுனிவரை நிரம்பியிருக்கு. நுனியில முந்தி இருந்த கறுப்பு நிழலும் மாறிட்டுது. வெளியில இருந்து வந்த வைத்தியர் கன நேரம் பார்த்தவர். இந்த ஆய்வில தான் பார்த்த கடைவாய்ப்பல்லுகளுக்குள்ள இதில மட்டும்தான் திருத்தச் சொல்ல ஒண்டுமில்லை எண்டவர். கள்ளம் செய்ததெண்ட குற்றத்தை எடுத்திட்டினம்."

விஜயரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய நேரம் எடுத்தது.

"ஆனா ஒரு எச்சரிக்கை தருகினம். நோயாளியின்ர பேரைச் சரியான முறையில கேட்டு உறுதிப்படுத்தேல்லை எண்டு. அது என்ர பதிவில நிக்கும்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "எச்சரிக்கையோ? எங்கட குடும்பத்துப் பேரில ஒரு கறையோ? மேன்முறையீடு செய்ய இடமிருக்கோ?"

"இருக்கு."

"செய்வம். இண்டைக்கே செய்வம்."

"செய்தா எல்லாத்தையும் திரும்ப விசாரிப்பினம். அங்கிளைத் திரும்பக் கூப்பிடுவினம். இப்ப அறிக்கையில அவருக்குப் பேர் இல்லை, 'இரண்டாவது நோயாளி' எண்டு மட்டும்தான் போட்டிருக்கு. அப்பிடியே விடுங்கோ, அப்பா."

நடைக்கூடத்தின் மறு முனையில் நகுலேசன் அண்ணனோடும் வழக்கறிஞரோடும் நின்றார். வழக்கறிஞர் சொல்லுவதை அவர் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். விஜயரத்தினம் அவரைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார்.

"பெரியவருக்கு மரியாதை குடுத்ததுக்கு ஒரு எச்சரிக்கை," என்றார் கடைசியில். குரலில் பழைய விறைப்புப் பாதிதான் இருந்தது.

"இல்லை, அப்பா. அது பிழைதான். இப்பிடி ஆள் மாறி ஒருத்தருக்கு ஒவ்வாத மருந்தைக் குடுத்திருந்தால் செத்துப்போயிருப்பார். நான் கேட்டிருக்க வேணும்."

அவர் வாய்க்கு ஒரு பதில் வந்தது. அதை விழுங்கினார். இன்னொன்று வந்தது. அதையும் விழுங்கினார்.

"ஓம்," என்றார்.